சேர் ராசிக் பரீதின் மீதிக் கதை



சேர் ராசிக் பரீதின் படத்தைப் போட்டு, "இப்படியொரு தனவந்தர் நமக்கும் எம்பியாக வரவேண்டும்" என்று ஊர்க் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. வரட்டும். ஆனால் பாதிக் கதையை வைத்து ஆள் தேடாதீர்கள். தாழ்வுபாடு முதல் எருக்கலம்பிட்டி வரை தமிழில் படிப்பிக்கிற எங்களுக்கு மீதிக் கதையும் வேண்டும்.

பெரிய வீட்டுப் பிள்ளை அவர். பாட்டன் வாப்புச்சி மரைக்கார்தான் கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். 1877இல் அது திறக்கப்பட்டபோது, என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தால் போதும் என்றாராம். (வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்கும் கதை.) பேரனும் சொத்தைப் பூட்டிவைக்கவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்ட காலத்தில், 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி எழும்பத் தன் சொந்த இடத்தைக் கொடுத்தார். அதற்காக எவ்வளவு துஆச் செய்தாலும் தகும்.

அதே மனிதர்தான் 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை ஆதரித்தார். அவருக்கும் ஒரு கோபம் இருந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்த நாள்தொட்டு, எங்களைக் கேட்காமலே எங்களுக்காகப் பேசியவர்கள் மீது வந்த கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார்? கொழும்பு வர்த்தகர் வீட்டில் தமிழும் கடையில் சிங்களமும் கல்லூரியில் ஆங்கிலமும் பேசித் தப்பிவிடுவார். மன்னாரில் வலை இழுத்தவரின் மகன் அரச வேலைக்கு எந்த மொழியில் சோதனை எழுதுவான்?

"1990ஐப் பார்த்தீர்களா, அவர் செய்தது சரிதானே" என்று சிலர் எழுதுகிறீர்கள். அந்த ஒக்டோபர் கடைசியில் புலிகள் எங்களை விரட்டியபோது 1956ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கரையில் வந்து நின்றது? வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கினோம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலும் எங்கள் பிள்ளைகள் தமிழில்தான் படித்தார்கள். விரட்டியவர்களின் குற்றத்துக்குப் பாஷையைத் தண்டிக்க முடியாது.

ஆகவே, தேர்தலுக்கு நிற்கப்போகிற ஹாஜிமாரே, நோன்புக் கஞ்சிக்கு அரிசி தந்த படங்களை எங்களுக்கு அனுப்பாதீர்கள். அடுத்த ஊர்க் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்போம், இன்ஷா அல்லாஹ். பெண்பிள்ளைகளின் விடுதிக்கு உங்கள் காணியில் எத்தனை பேர்ச் எழுதித் தருவீர்கள்? எங்கள் பெற்றோருக்குச் சிங்களத்தில் மட்டும் வருகிற அரச கடிதங்களைப் பற்றிச் சபையில் எப்போது பேசுவீர்கள்?