மழைக்காலத்தில் உறங்கும் இயந்திரம்

கனடா போன்ற குளிர்தேசங்களில் ஏரிச் சவாரிக்கென்று வாட்டர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள், பனிக்காலம் பிறக்குமுன் அதைக் கரையேற்றிக் கொட்டகையில் நிறுத்தி ஒரு சடங்கே நடத்துவார்கள். இயந்திரத்தினுள் தங்கிய ஜலத்தை வெளியேற்றுவதே அதில் பிரதானம். ஜலம் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்கிறது. இரும்புச் சுவரும் அதைத் தாங்காமல் விரிசல் காணும்.

நமது திண்டுக்கல் சமவெளியில் இந்தப் பயம் இல்லை. 1863-ல் லெவிஞ்ச் துரை அமைத்த கொடைக்கானல் ஏரியின் பக்கத்திலேகூட, மார்கழி தை மாதங்களில் புல்மேல் உறைபனி படியுமேயன்றி ஏரி உறைவதில்லை. ஆயினும், "நமக்கென்ன?" என்று நேயர்கள் இருந்துவிடலாகாது. நம்மிடம் வாட்டர் ஸ்கூட்டர் இல்லாவிட்டால் என்ன? தோட்டம் உள்ள குடும்பங்கள் பலவற்றில், வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கும் சிறு பெட்ரோல் பம்பு உண்டு. ஐப்பசியில் மழை பிடித்ததும் அதைக் கொட்டகையில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறோம். மாசியில் கயிற்றை இழுத்தால் அது கிளம்ப மறுக்கிறது. அங்கே பனிக்கட்டி செய்யும் சேதத்தை இங்கே ஈரமும் பழைய பெட்ரோலும் செய்கின்றன.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு என்ற அளவை நமது தேசம் 2025-ல் எட்டியது. சாராயத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள சிநேகத்தைச் சொல்ல வேண்டுமா! காற்றின் ஈரத்தை அது மெல்ல இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். அதனால் உலோகம் அரிக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் எஞ்சும் பிசினோ, கார்புரேட்டரின் நுண்ணிய துவாரத்தை அடைத்துவிடும்.

ஆகையால், மூடி வைக்குமுன் டாங்கியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இதைத் திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில் செய்யவேண்டும். பிறகு இயந்திரத்தை ஓட்டி, கார்புரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து அதுவாகவே நிற்கும்படி விடுக. பம்பு வறண்டு ஓடலாகாது. அதில் நீர் இருக்கட்டும். இதையும் வெளியிலேயே செய்யுங்கள். கதவடைத்த கொட்டகையில் இயந்திரம் ஓடினால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு சேரும். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. பக்கத்தில் நிற்பவர் மயங்கி விழும்வரை அறியமாட்டார். பம்பு போனால் வேறு வாங்கலாம். குழந்தைகள் புழங்கும் வீட்டில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் கூடாது.

இயந்திரம் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை மாற்றிவிடுவது நலம். கறுத்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும்; புது எண்ணெயை மாசியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைப்பது தலைகீழான சிக்கனம். ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் உள்ளே எங்கும் எண்ணெய் படியும். பிளக்கைத் திரும்ப மாட்டியபின் கயிற்றை இழுத்து, அது கையை எதிர்க்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வால்வுகள் மூடியிருப்பதால் ஈரம் உட்புகாது. பம்பின் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்கவும் மறவாதீர்.

பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினால் உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியே போதும். தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி, புகைக்குழாயின் வாயில் ஒரு துணியைத் திணித்து வையுங்கள். எலிகளுக்கு அதைவிடச் சௌகரியமான பிரசவ அறை கிடைப்பதரிது. துணியின் வால் வெளியே நன்கு தொங்கட்டும், மாசியில் கயிற்றை இழுக்குமுன் அது கண்ணில் படவேண்டுமல்லவா?