எங்கள் பிள்ளைகளின் கதைக்கு முதல் ரூபாயைப் போடுவது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. புத்தளத்தில் வாழும் வடக்கு உறவுகளும், அன்று எங்களை அரவணைத்த புத்தளத்து உறவுகளும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பரவாயில்லை.

"உங்கட ஊர் எது?" இந்தச் சின்னக் கேள்விக்கு எங்கள் வகுப்பறைகளில் இன்றும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தில்லையடியில் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணம் என்கிறது. அங்கே சோனகத் தெருவுக்குப் போனால் "புத்தளத்திலிருந்து வந்தவங்க" என்கிறார்கள். இங்கே வாய்த்தகராறு வந்தால் "அகதி" என்ற சொல் இன்றும் வந்து விழுகிறது. முகாமைக் கண்ணால் காணாத பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். இதெல்லாம் நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறதா? "விரட்டினாங்க, வந்தோம்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எத்தனை பிள்ளைகளால் சொல்ல முடியும்? அன்று 40 வயதில் வந்தவருக்கு இன்று 75 வயதாவது இருக்கும். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வீட்டின் கதை மண்ணுக்குள் போகிறது.

இதற்கு ஒரு வழி உலகத்தில் இருக்கிறது. பெயர் டிஜிட்டல் கதைசொல்லல். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ லம்பேர்ட், டேனா அட்ச்லி போன்றவர்கள் தொடங்கியது. ஆட்கள் வட்டமாக இருந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். பிறகு அதை ஒரு பக்கத்தில் எழுதி, சொந்தக் குரலில் பதிந்து, வீட்டிலுள்ள பழைய படங்களைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிட வீடியோவாக்குவார்கள். வேல்ஸில் பிபிசி 2001 முதல் 2008 வரை சாதாரண மக்களோடு இதைச் செய்தது. வேறு நாடுகளிலிருந்து நகரங்களுக்கு வந்து குடியேறிய இளைஞர்களோடும் பல இடங்களில் செய்கிறார்கள். ஊர் மாறி வந்த பிள்ளைக்குத் தேவையான விடயம் இது. நம் பிள்ளைகளுக்கும்தான்.

இங்கேயும் இப்படியான திட்டங்கள் வராமலில்லை. ஆனால் எப்படி வருகின்றன? மூன்று நாள் ஹோட்டல் செயலமர்வு, பெனர், டீ-சேர்ட், சான்றிதழ், குழுப்படம். பிள்ளை அழுத இடம் வீடியோவுக்குள் போகிறது. வீடியோ கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகிறது. பிள்ளையின் கையில் ஒரு பிரதிகூட இல்லை. அடுத்த வருடம் திட்டம் முடிந்தது என்கிறார்கள். செலவுக் கணக்கில் மண்டப வாடகையும் வாகன வாடகையும் சாப்பாடும் இருக்கும். வருடம் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியருக்கோ பாடசாலைக்கோ ஒரு மைக் கூட மிஞ்சாது.

இதற்குக் காசு கொடுப்பவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் தங்கள் காசைத் தங்களுக்குத் தேவையான விதத்தில் செலவழிக்கிறார்கள். நம் காசு எங்கே போகிறது? பள்ளிவாசல் நிருவாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் வருடாவருடம் சேகரிக்கின்றன. நுழைவாயில் கட்டுகிறோம், மண்டபத்துக்கு டைல்ஸ் போடுகிறோம். பிள்ளையின் குரலுக்கு ஒதுக்கியது எவ்வளவு? பூச்சியம்.

"ஏ.எல். ரிசல்ட்ஸுக்குச் செலவழிப்போம், கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். ரியூஷனை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை உம்மம்மாவிடம் கேள்வி கேட்டு, கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி, வேண்டாததை வெட்டி, திருத்தி, வாய்விட்டு வாசிப்பது எந்தப் பாடத்துக்குக் குறைந்தது? தமிழ்க் கட்டுரைக்கு வேறு என்ன பயிற்சி தேவை?

"பொம்பிளைப் பிள்ளைகளை வீடியோவில் போடுவதா?" இந்த முறைக்கு முகம் தேவையில்லை. குரலும், ஒரு பழைய உறுதியின் படமும், கொண்டு வந்த ஒரு திறப்பின் படமும் போதும். குரலும் வேண்டாம் என்றால் எழுத்தாகப் போடலாம். வெளியில் காட்டுவதா, வீட்டோடு வைத்திருப்பதா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும்.

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" புண்ணைக் கிளறாமல் விட்டதால் ஆறிவிட்டதா? 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் நம் மக்கள் வாழ்ந்த காணிகளையும் சேர்த்து வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். 2015ஆம் ஆண்டளவில், மீளக் குடியேறப் போனவர்களை வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று ஊடகங்களிலும் முகநூலிலும் நாடு முழுக்கப் பேசினார்கள். அந்த நேரம் நம்மிடம் என்ன இருந்தது? "நான் பிறந்த வளவு இது, இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினோம்" என்று ஒரு முதியவர் சொல்ல, பேரப்பிள்ளை பதிந்து, சிங்களத்தில் உபதலைப்புப் போட்ட பத்து வீடியோ கையில் இருந்ததா? நம் கதையை நாம் சொல்லாத இடத்தில் மற்றவர் சொன்னதே செய்தியானது.

கதை சொல்வது பகை வளர்ப்பதற்குமல்ல. வெளியேற்றியவர்களைப் பற்றிச் சொல்லும் அதே வாயால், நாங்கள் போகும்போது அழுத தமிழ் அயலவர்களைப் பற்றியும் மூத்தவர்கள் சொல்கிறார்கள். தங்கள் பானையில் இருந்ததைப் பகிர்ந்த புத்தளத்து மக்களைப் பற்றியும் சொல்கிறார்கள். ஆகவே புத்தளத்துப் பிள்ளைகளும் அதே வட்டத்தில் இருக்க வேண்டும். திடீரென்று ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கியபோது பாடசாலையும் கிணறும் தொழிலும் எப்படி நெருக்கடியானது என்பது அவர்கள் வீட்டுக் கதை. அதையும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். "அகதி" என்ற சொல் அந்த வட்டத்துக்குள்தான் உதிரும்.

கைக்குழந்தைகளாகத் தூக்கி வரப்பட்டவர்களும் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவர்களுமான ஆசிரியர்கள் நாங்கள் கேட்பது பெரிய தொகையல்ல. சனிக்கிழமைகளில் பாடசாலையில் ஒரு அறை. நல்ல கமெரா உள்ள இரண்டு போன், இரண்டு மைக், ஒரு பழைய லெப்டொப், ஒரு ஹார்ட் டிஸ்க். பொறுப்பாக நிற்கும் ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவு. இதை ஒரு வருடத்துக்காவது நிறுத்தாமல் கொடுங்கள். பதிவுகளின் ஒரு பிரதி பிள்ளையிடமும் ஒரு பிரதி பாடசாலை நூலகத்திலும் இருக்கட்டும்.

நாம் முதலில் காசு போட்டுவிட்டால் வெளியிலிருந்து வரும் நிறுவனத்திடமும் நிமிர்ந்து நின்று பேசலாம். வீடியோ யாருக்குச் சொந்தம்? பிள்ளை வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா? நீங்கள் போன பிறகு இங்கே என்ன இருக்கும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவருக்கு வகுப்பறைக் கதவைத் திறக்க வேண்டாம் என்று அதிபர்மாரையும் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த நிருவாகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். எதிர்ப்பவர்கள் அங்கே வந்து எதிர்க்கட்டும், பதில் சொல்ல நாங்கள் வருகிறோம். கூட்டம் நடக்கும்வரை காத்திருக்க முடியாத ஒரு வேலையும் உண்டு. இன்றிரவு உங்கள் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி, "ஊரில நம்மட வீடு எப்படி இருந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.