முட்டுக்கட்டைன்னா கெட்ட வார்த்தையா?

உங்க ப்ராஜெக்ட் டீம்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. நாளைக்குக் காலையில ரிவ்யூ, இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான், "முழு லோடு கொடுத்து டெஸ்ட் பண்ணோமா?"ன்னு கேட்பாங்க. உடனே வாட்ஸ்அப் குரூப்ல பதில் வந்து விழும்: "எதுக்குப்பா எப்பப் பாரு அப்ஸ்ட்ரக்டிவ்வா பேசுற?"

இந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். 'ஸ்ட்ருவெரே' என்ற லத்தீன் சொல்லுக்கு அடுக்குதல், கட்டுதல் என்று பொருள். 'ஆப்' என்றால் எதிரே. ஸ்ட்ரக்சர், கன்ஸ்ட்ரக்டிவ், டிஸ்ட்ரக்டிவ் எல்லாம் இதே குடும்பம்தான். ஆக, அப்ஸ்ட்ரக்டிவ் என்றால் போகிற வழிக்குக் குறுக்கே சுவர் எழுப்புவது.

டாக்டர்கள் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'ன்னு சொல்வாங்க. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிற நோய் அது. அங்கே யார் மேலயும் குற்றம் இல்லை. அதே சொல்லை ஒரு மனுஷனைப் பார்த்துச் சொன்னால் பொருள் மாறிடும். வேலை நடக்கக் கூடாதுன்னே வேண்டுமென்று இழுத்தடிக்கிற ஆள் என்று ஆகிவிடும். கேள்வி கேட்டவர் மேல இவ்வளவு பெரிய பழியை, அதுவும் இவ்வளவு ஈஸியா, போடலாமா?

1960 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடமைடு என்ற தூக்க மருந்தை விற்க அனுமதி வேணும். ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மருந்துதான். ஃபைலைப் பார்த்தவர் ஃபிரான்செஸ் கெல்சி, அந்த வேலைக்குப் புதுசு. பாதுகாப்புக்கான ஆதாரம் போதலைன்னு திருப்பி அனுப்பினார். கம்பெனி மறுபடி மறுபடி நெருக்கியது, மேலதிகாரிகள் வரைக்கும் புகார் போனது. அவர் அசையவே இல்லை. இன்ன இன்ன தகவல் வேணும், கொண்டு வாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். 1961 கடைசியில் உண்மை வெளியே வந்தது: கர்ப்பிணிகள் அந்த மருந்தைச் சாப்பிட்டதால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்திருந்தன. அமெரிக்காவில் அப்போது அந்த மருந்து கடைக்கு வரவே இல்லை. 1962இல் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். விஷயம் வெளியே வரும் வரைக்கும் அந்தக் கம்பெனியின் கண்ணுக்கு அவர் வெறும் முட்டுக்கட்டைதான்.

முட்டுக்கட்டைன்னு நாம திட்டுறதுக்கு எடுக்கிற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தேரோட்டம் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி வேகத்தைக் குறைப்பாங்க, முனை வந்தால் திருப்புவாங்க. கட்டை போடுகிறவர் தேருக்கு எதிரி இல்லை. அவர் இல்லாவிட்டால் தேர் தெருவைத் தாண்டி யார் வீட்டுக்குள்ளயாவது போய் நிற்கும்.

அதுக்காகத் தடுக்கிற எல்லாரும் கெல்சி ஆகிட முடியாது. காரணமே சொல்லாம ஃபைலை மேஜையில வெச்சுக்கிறவங்க இருக்காங்க. மெசேஜைப் பார்த்துட்டு மூணு நாள் பதில் போடாத டீம்மேட் இருக்காங்க. "இது ஒர்க் அவுட் ஆகாது"ன்னு மட்டும் சொல்லிட்டு, ஏன்னு கேட்டா தோளைக் குலுக்குறவங்களும் இருக்காங்க. இவங்களை அப்ஸ்ட்ரக்டிவ்ன்னு தாராளமாச் சொல்லுங்க, சரியான பிரயோகம்தான்.

ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "என்ன செஞ்சா நீ ஓகே சொல்வ?" உண்மையான அக்கறையில தடுக்கிறவர்கிட்ட இதுக்குப் பதில் இருக்கும். லோடு டெஸ்ட் ரிசல்ட் காட்டு, இந்த வயரிங்கை மாத்து, அந்த ரீடிங்கை இன்னொரு தடவை எடுன்னு சொல்வார். சும்மா தடுக்கிறவர்கிட்ட பதில் இருக்காது.

அடுத்த ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி உங்க குரூப்ல அந்த டெஸ்ட் கேள்வி வந்தா, பட்டம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க. பதில் வந்துச்சுன்னா லேபைத் திறங்க, டெஸ்ட்டைப் போடுங்க.