விளம்பரம் வெளியிட்டவரும் பதில் சொல்லட்டும்

அமெரிக்காவின் பேக்பேஜ் இணையதளத்தை 2018 ஏப்ரலில் அந்நாட்டு அரசு முடக்கியது. பழைய சோபா, வாடகை வீடு விளம்பரங்களோடு சிறுமிகளையும் விலைக்குக் காட்டிய தளம் அது. மாநில அட்டர்னி ஜெனரல்களின் நெருக்கடியால் கிரெய்க்ஸ்லிஸ்ட் 2010இல் தன் ‘அடல்ட் சர்வீசஸ்’ பகுதியை மூடியதும், அந்த வியாபாரத்தின் பெரும்பகுதி இங்கேதான் வந்து சேர்ந்தது.

செனட் துணைக்குழு 2017 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் வயிறு எரிகிறது. ‘டீனேஜ்’, ‘லோலிட்டா’ என்று வயதைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை மென்பொருள் தானாகவே நீக்கிவிடும். மீதி விளம்பரம் ஜோராக வெளியாகும். போலீசுக்குச் சொல்ல வேண்டியவர்கள் தடயத்தைத் துடைத்திருக்கிறார்கள்! பிறர் பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டமே பல வழக்குகளில் அவர்களுக்குக் கவசமானது.

2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் பல தளங்கள் வெளிநாட்டு சர்வர்களுக்கு இடம்பெயர்ந்ததால் புலனாய்வு கடினமானது. வாடிக்கையாளரை விசாரித்து அறியும் வழி அடைபட்டது என்று, சுயவிருப்பில் தொழில் செய்யும் பெண்கள் சொன்ன புகாரிலும் நியாயம் உண்டு. ஆக, முடக்குவது மட்டும் போதாது.

நமது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவும் இணையதளங்களுக்கு நிபந்தனையுடன் பாதுகாப்பு தருகிறது. காசு வாங்கி ‘மசாஜ்’ விளம்பரம் போடும் தளம், விளம்பரதாரரின் அடையாளத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். விளம்பரத்தில் இருப்பது சிறார் என்ற சந்தேகம் எழுந்தால், வாசகர்கள் தயங்காமல் 1098 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.