சிரிப்பின் திசை

கேலிச்சித்திரத்தை இலக்கியத்தின் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவைப்பது தமிழ் விமரிசகர் பலரின் வழக்கம். சிறுகதைக்கும் நாவலுக்கும் வகுப்பறையில் இடமுண்டு. கேலிச்சித்திரத்துக்கோ பத்திரிகையின் மூலையே போதும் என்பர். இவ்வாதம் தவறானது. ‘சிரித்திரன்’ சுந்தரின் சித்திரங்களே அதற்குச் சான்று.

கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம், கட்டடக்கலை பயிலப் பம்பாய் சென்று கேலிச்சித்திரக்காரராகத் திரும்பியவர். 1963இல் கொழும்பிலிருந்து ‘சிரித்திரன்’ இதழைத் தொடக்கினார். அவர் படைத்த மிஸிஸ் டாமோடிரன், தலைநகரின் போலி நாகரிகத்துக்கு ஒரு குறியீடு. தாமோதரன் டாமோடிரனாகிவிடுகிறார், நாவு மாறினாற் பிறப்பே மாறிவிடும் என நம்பிய ஒரு வர்க்கத்தின் கதை அவ்வெழுத்து மாற்றத்துள் அடங்கிவிடுகிறது. அச்சிரிப்பு கசப்பானது, ஆயினும் நேர்மையானது. வடபுலத்து மத்தியதர வர்க்கத்தைச் சார்ந்த அவர், தம்மவரையே கேலிக்குள்ளாக்கினார்.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து நோக்குவோர்க்கு இந்நேர்மையின் பெறுமதி நன்கு விளங்கும். நகரத்தின் இன்னொரு சிரிப்பையும் அவர்கள் அறிவர். ‘தோட்டக்காட்டான்’ என்னும் ஒற்றைச் சொல்லால் அவர்தம் பேச்சையும் உடையையும் இகழும் சிரிப்பு அது. தேநீரைச் சுவைத்தவாறே கொழுந்து பறித்த கையை ஏளனஞ் செய்வது நகைச்சுவையாகாது. வலியோரை நோக்கும் கேலி விமரிசனம். எளியோர்மீது விழும் கேலி அடக்குமுறையின் இன்னொரு வடிவம்.

இருண்ட நகைச்சுவை சித்திரக்காரரின் வெறுங் கற்பனை என்போர், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிப்பதற்கு! 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை, அவர்களைக் கேளாமலே, இரு தலைநகரங்களும் மூடைகளைப்போல் எண்ணிப் பிரித்தன. எந்தத் தூரிகையும் இதைவிடக் கொடிய கேலியை வரைந்துவிடாது.

ஆகவே, நகர வாழ்வின் சித்திரம் டாமோடிரன் வீட்டு வரவேற்பறையோடு முடிந்துவிடலாகாது. அத்தகைய வீடுகளின் சமையலறைகளில், பள்ளி செல்லவேண்டிய வயதிற் பாத்திரங் கழுவிய மலையகச் சிறுவரும் அதில் இடம்பெறல் வேண்டும். அதனை நகரம் வரையுமெனக் காத்திருப்பது வீண். லயத்திற் பிறந்த இளைஞரே வரைதல் வேண்டும். தம்மவரைப் பார்த்தே சிரித்த சுந்தரின் துணிவு அவர்களுக்குப் பாடமாகட்டும். துரையை மட்டுமன்று, கங்காணித்தனத்தையும், தேர்தற் காலத்தில் மாத்திரம் மலையேறும் தலைமைகளையும் அவர்தம் தூரிகை விட்டுவைக்கலாகாது.