வதந்தியை நம்பிய பத்திரிகைகள்

வதந்தி செய்தியல்ல. பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற்பாடம் இது. ஆனால், அப்பிள் நிறுவனம் புதிய கையடக்கக் கருவியொன்றைத் தயாரிக்கிறது என்ற பேச்சுக் கிளம்பியபோது, உலகின் பெரும் பத்திரிகைகளே இப்பாடத்தை மறந்தன.

2010 ஜனவரி 27 இல் ஸ்டீவ் ஜொப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் ஐபேடை அறிமுகம் செய்தார். அதற்கு முன்பே அக்கருவிக்கு 'ஐஸ்லேட்' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். 1000 டொலர் என்று விலையும் குறித்திருந்தார்கள். பெயர் பொய்த்தது. விலையோ 499 டொலரிலிருந்து தொடங்கியது. எதிர்பார்த்ததிலும் மலிவு என்று உலகம் வியந்தது. இந்தக் கூத்தில் இலாபமடைந்தது நிறுவனம்தான். சதம் செலவில்லாத விளம்பரம்!

பெயரும் விலையும் தவறியதை மன்னிக்கலாம். விற்பனை சரிந்துகொண்டிருந்த பத்திரிகைகளை இக்கருவி கரைசேர்க்கும் என்று நம்பினார்களே, அதை எப்படி மன்னிப்பது? ரூபேர்ட் மேர்டொக்கின் நிறுவனம் 2011 பெப்ரவரியில் ஐபேடுக்கென்றே 'த டெய்லி' என்ற நாளிதழைத் தொடங்கியது. 2012 டிசம்பரில் அது மூடப்பட்டது. கருவி கோடிக்கணக்கில் விற்றது. நாளிதழ் இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

வாசகர் பத்திரிகைக்குக் காசு கொடுப்பது அது எதில் வருகிறது என்பதற்காக அல்ல, சரிபார்க்கப்பட்ட செய்திக்காக. ஊகத்தைச் செய்தியாக அச்சிடும் பத்திரிகை, தன்னை நம்பவேண்டாம் என்று வாசகருக்குத் தானே கற்பிக்கிறது. அடுத்த கருவி பற்றிய ஊகம் மேசைக்கு வரும்போது ஆசிரியர்கள் கேட்கவேண்டிய கேள்வி பழையதுதான்: யார் சொன்னது?