வெயிலோடு வரும் முகமூடிகள்

பங்குனி கடைசியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக்குப் போகிறவர்கள் பகலில் ஊரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செம்மண் தகிக்கும். குளங்களில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். வானம் பார்த்த வயல்களில் வேலை இருக்காது. இருட்டிய பிறகுதான் ஊர் விழிக்கும். கோயில் திடலிலோ தரிசு நிலத்திலோ ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்ததும் தம்சா என்ற பெரிய முரசு அதிரும். முதலில் வருவது பிள்ளையார். அதன் பிறகு விடியும்வரை துர்க்கை, மகிஷாசுரன், அபிமன்யு என்று ஒவ்வொருவராக வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போவார்கள்.

சௌ நடனத்தின் பருவம் இது. சைத்ர மாதக் கடைசி நாளில், அதாவது தமிழ்ப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி, ஜேஷ்ட மாதம் 13-ம் தேதி விதைப்புக்கு நாள் பார்க்கும் ரோகின் பண்டிகையோடு முடிப்பது புருலியாவின் மரபு. நம் கணக்கில் ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை.

சௌ புருலியாவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஜார்க்கண்டின் சராய்கேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச் என்று இன்னும் இரண்டு வீடுகள் அதற்கு உண்டு. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிய பிரதேசங்கள். மாநில எல்லைகள்தான் இவற்றுக்கு நடுவே அங்குமிங்கும் நகர்ந்திருக்கின்றன. புருலியா 1956 வரை பிகாரில் இருந்தது. சமஸ்தானமாக இருந்த சராய்கேலா 1948-ல் சில மாதங்கள் ஒரிசாவிலும் பிறகு பிகாரிலும் இருந்து, 2000-ல் ஜார்க்கண்டுக்குப் போனது. 2010-ல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் மூன்றையும் ஒன்றாகவே சேர்த்தது. ஆனால் பார்ப்பவருக்கு இவை ஒரே ஆட்டமாகத் தெரியாது. யார் போஷித்தார்கள் என்பதைப் பொறுத்து மூன்றும் மூன்று விதமாக வளர்ந்துவிட்டன.

சராய்கேலா அரண்மனைச் சௌ. அங்கே ராஜகுமாரர்களே முகமூடி போட்டு ஆடினார்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்த விஜய் பிரதாப் சிங் தேவ் பழைய போர்ப் பயிற்சியின் அசைவுகளை மெருகேற்றி அதைக் கவிதை போலாக்கினார். 1938-லேயே இந்தக் குழு ஐரோப்பா போய்வந்தது. வழவழப்பான, அலங்காரம் குறைந்த முகமூடி. இரவு, மயில், படகோட்டி என்று சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு உருப்படிகள். முகத்தில் பாவம் காட்ட வழியில்லாததால், தலையைச் சற்றே சாய்ப்பதில்தான் சோகமும் நாணமும் தெரிய வேண்டும். கர்காய் நதியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவரும் சடங்கும் ஆட்டமும் இங்கே ஒரே திருவிழாவின் பகுதிகள்.

மயூர்பஞ்சில் முகமூடி கிடையாது. ஆனாலும் ஆடுகிறவர் தன் முகத்தையே முகமூடி மாதிரி அசைக்காமல் வைத்திருப்பார். வாசல் மெழுகுவது, பாத்திரம் துலக்குவது போன்ற அன்றாட வீட்டு வேலைகளிலிருந்து எடுத்த அசைவுகளுக்கு அங்கே 'உஃப்லி' என்று பெயர். போர் வீரனின் நடையும் குடும்பப் பெண்ணின் வேலையும் ஒரே உடம்பில் வந்து போவது இதன் விசேஷம். மாவட்டத் தலைநகர் பாரிபதாவில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு கோஷ்டிகள். சைத்ர பர்வத்தில், பெரும்பாலும் ஏப்ரல் 11 முதல் 13 வரை, இரண்டும் மோதும். ராஜா காலத்துப் போட்டி, ராஜா போன பிறகும் ஓயவில்லை.

புருலியாவில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும். அதனாலோ என்னவோ மூன்றிலும் முரட்டுத்தனமும் குதூகலமும் இதில்தான் அதிகம். இறகும் மணியும் ஜரிகையுமாகத் தலைக்கு மேல் விரிந்து நிற்கும் கனமான முகமூடி. பார்ப்பதற்கு இரண்டு சிறு ஓட்டைகள், மூச்சு விடுவதே சிரமம். அதை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் சுழன்று முழங்காலில் வந்து இறங்குகிறார்கள். தரை சரியாகத் தெரியாமலே!

அந்த முகமூடிகளைப் பார்க்க பாக்முண்டிக்குப் பக்கத்தில் உள்ள சரிதா கிராமத்துக்குப் போக வேண்டும். 1981-ல் பத்மஸ்ரீ பெற்ற சௌ கலைஞர் கம்பீர் சிங் முடாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. தெருவே ஓர் ஓவியக் கண்காட்சி. சீட்டு வாங்க வேண்டியதில்லை. சூத்ரதார் வகுப்புக் குடும்பங்கள் வாசலிலேயே உட்கார்ந்து வேலை செய்கின்றன. களிமண் அச்சின் மேல் சாம்பலைத் தூவி, காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, மேலே களிமண்ணும் துணியும் பூசி, தேய்த்து, காயவைத்து, அச்சைப் பிரித்து எடுத்த பிறகுதான் வண்ணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயில் வேண்டும்.

சரிதாவில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. கடைகளில் தொங்குபவற்றில் நிறைய, ஆடுவதற்கானவை அல்ல. வரவேற்பறைச் சுவருக்கென்று செய்த சின்ன முகங்கள். புருலியா சௌ முகமூடிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவருக்குப் போகும் முகங்கள் ஆட்டப் பருவம் முடிந்த மாதங்களிலும் அடுப்பெரிய உதவுகின்றன என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆட்டமும் அப்படித்தான். குளிர்கால மேளாக்களிலும் ஹோட்டல் புல்வெளிகளிலும் இன்று சௌ பார்க்கலாம். ராத்திரி முழுக்க நடக்கும் கதை அங்கே கால் மணி நேரக் குட்டிக்கரணங்களாகச் சுருங்கிவிடும்.

தொழில்மயம், பணத் தேவை, புதிய ஊடகங்கள் ஆகியவற்றால் ஊர் கூடிப் பங்கெடுப்பது குறைகிறது என்று பட்டியலில் சேர்த்தபோதே யுனெஸ்கோ குறிப்பிட்டது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்துக்குக் குழுவை அழைப்பது ஊர்தான். முகமூடிக்கும் ஜரிகைச் சட்டைக்கும் செலவழித்த குழுவுக்கு அந்த அழைப்பு வந்தால்தான் அடுத்த தலைமுறைப் பையன்கள் பின்வரிசையில் குரங்காகவும் புலியாகவும் ஆடிப் பழக முடியும். கால் மணி நேர மேடையில் குரங்குக்கு இடமில்லை. சமீப வருடங்களில் பெண்களும் குழு அமைத்து ஆட வந்திருக்கிறார்கள் என்பது ஆறுதலான சேதி. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலை இது.

மூன்றையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் பாரிபதாவிலிருந்து தொடங்கலாம். சென்னை–ஹவுரா பாதையில் பாலசோரில் இறங்கினால் சுமார் 60 கிலோமீட்டர். சராய்கேலா திருவிழாவும் கிட்டத்தட்ட அதே நாட்களில் வருவதால் இரண்டுக்கும் நாளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சராய்கேலாவுக்கு ஜம்ஷெட்பூர் வழியாகப் போக வேண்டும். அங்கிருந்து புருலியாவுக்கு ரயில் இருக்கிறது. புருலியாவில் அவசரம் வேண்டாம், பருவம் நீளமானது. எந்த ஊரில் எந்த ராத்திரி ஆட்டம் என்பதைச் சரிதாவின் முகமூடிக் கடைகளில் விசாரிப்பதே சுலபம். முகமூடி கொண்டுபோன குழு எங்கே ஆடப் போகிறது என்பது செய்தவருக்குத் தெரியாமல் இருக்காது. தண்ணீரும் ஒரு துண்டும் கையில் இருக்கட்டும். தரையில்தான் உட்கார வேண்டும்.